என் பேரில் ஒரு ஸ்கூட்டர்

பம்பாயில், செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழே நின்ற வண்டிகளில் மெட்ராஸ் நம்பர் போட்டது எங்கள் ஸ்கூட்டர் ஒன்றுதான். ‘எம்.எஸ்.’ என்று தொடங்கும் அந்தப் பலகையைப் பார்த்தால் மாதுங்கா கடைத்தெருவில் பலருக்குக் கால் தானாக நின்றுவிடும். ஒருமுறை கிங்ஸ் சர்க்கிளில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தியிருந்தபோது, அக்குளில் வாழையிலைக் கட்டோடு ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். “மெட்ராஸ்லே எங்கே? மாம்பலமா, திருவல்லிக்கேணியா?” என்று கேட்டார். என் கணவர் யோசித்துப் பதில் சொல்கிற ரகம். அவர் வாயைத் திறப்பதற்குள் போலீஸ்காரர் கையை இறக்கிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த நான்தான் திரும்பிப் பார்த்து, “மாம்பலம்!” என்று கத்தினேன். அந்த மனிதரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் நாங்கள் அவருக்குப் பங்காளி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த வண்டி என் பேரில் இருந்தது. எப்படி என் பேரில் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் ஸ்கூட்டர் என்பது கடைக்குப் போய் வாங்கி வருகிற சாமான் இல்லை. பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலிருக்கும் அத்தனை பேர் பேரிலும் பதிந்து வைப்பார்கள். யார் பேருக்கு முதலில் வருகிறதோ வரட்டும் என்பது கணக்கு. என் அப்பா தன் பேரில் ஒன்றும் என் பேரில் ஒன்றுமாகப் பதிந்தார். என் பேரில் பதிந்ததுதான் முந்திக்கொண்டது. அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஸ்கூட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கே எல்லா முகமும் மலர்ந்ததாக அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒதுக்கீட்டில் வந்த வண்டியை உடனே இன்னொருவர் பேருக்கு மாற்றக் கூடாது என்று அப்போது விதி. ஆகவே வண்டி மாப்பிள்ளைக்கு, பேர் எனக்கு என்று முடிவாயிற்று. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

வண்டி வந்த அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம் எல்லாம் முறைப்படி நடந்தன. அப்பாவுக்கு அது போதவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு வாங்கி வைத்திருந்தார். அதில் பிள்ளையார் தொந்தியோடு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை வண்டியில் எங்கே வைப்பது என்பதில் பெரிய விசாரம். முன்பக்கம் வைத்தால் மழையும் திருடனும். நடுவில் வைத்தால் கால் படும். கடைசியில் எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே, யார் காலும் படாத இடத்தில், தட்டையாக ஓர் இரும்பு. அதில் யாரோ உளியால் கொத்தினாற்போல் எழுத்தும் எண்ணுமாக என்னவோ தட்டியிருந்தது. அது அப்பாவின் கண்ணை உறுத்தியது. புது வண்டியில் இப்படிக் கீறி வைத்திருக்கிறானே என்று அலுத்துக்கொண்டு, பாத்திரக்கடை ஆளைக் கூப்பிட்டு, சரியாக அதன் மேலேயே பிள்ளையாரை வைத்து ரிவிட் அடிக்கச் சொன்னார். சாமியும் வந்தாயிற்று, கீறலும் மறைந்தாயிற்று என்று அவருக்கு ரொம்பத் திருப்தி.

கல்யாணமாகிச் சில வருஷங்களில் என் கணவருக்குப் பம்பாய் மாற்றலாயிற்று. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. ஸ்கூட்டர் ரயிலில் வந்தது. பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிட்டு, வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்து, பார்சல் வண்டியில் ஏற்றினார்கள். தாதரில் அதை அவிழ்த்தபோது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும், என்ன மிருகம் வெளியே வரப்போகிறதோ என்பதுபோல் குனிந்து பார்த்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரயிலில் வரும்போது அது மெட்ராஸ் வண்டியா, பம்பாய் வண்டியா, நடுவில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் அது மாறிவிடுமா என்று நான் கேட்டேன். என் கணவர் வைக்கோலைத் தட்டிக்கொண்டே, “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார்.

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. சயான் பக்கம் ஒரு ஹவல்தார் என் கணவரை நிறுத்தினார். மெட்ராஸ் நம்பரோடு இங்கே வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வண்டி வேறு ராஜ்யத்தில் ஓடினால் பழைய நம்பரை விட்டுவிட்டு அந்த ராஜ்யத்து நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வரியும் அங்கேயே கட்ட வேண்டுமாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹவல்தார் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். “யே தோ அவுரத் கா நாம் ஹை” என்று சத்தமாகச் சொல்லி, பெண்பிள்ளை பேரில் இருக்கிற வண்டி உன்னிடம் எப்படி வந்தது என்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கேட்கும்படி விசாரித்திருக்கிறார். அந்தப் பஸ் ஸ்டாப்பில் தொழிற்சாலை ஆட்களும் நின்றிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அங்கே எங்கள் ஸ்கூட்டருக்கு ‘மாமி வண்டி’ என்று பேராகிவிட்டது.

அன்று சாயங்காலம் வந்தவர் காப்பியைக் கூடத் தொடவில்லை. “எப்படியும் நம்பர் மாத்தியாகணும். அதோட சேத்துப் பேரையும் மாத்திடலாம். ஒரே நடையில ரெண்டு வேலையும் ஆயிடும். நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது” என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாது. சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதுகூடத் தெரியாது. ஆனால் வீட்டு வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு, பாங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அவர் பேர் முன்னால் இருக்க, எங்கேயாவது ஓர் ஓரத்தில்தான் நான் இருந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் நான் ஓரத்தில் இல்லை. அதை விட மனம் வரவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் புருஷனை ஊர் சிரிக்க விடுகிறாளே என்றுதானே தோன்றும்? அவர் பட்ட அவமானமும் நிஜம்தான். “பார்க்கலாம்” என்றேன். அவருக்கு அது சரி என்று காதில் விழுந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் போக வேண்டியதாயிற்று. சொந்தக்காரி என்பதால் மட்டும் இல்லை. என் கணவருக்கு ஹிந்தி அரைகுறைதான். நான் மெட்ராஸில் வரிசையாக ஹிந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். என் ஹிந்தி, புத்தகத்தில் இருப்பதுபோல் சுத்தமாக இருக்கும், பம்பாய்க்காரர்கள் கேட்டதும் சிரிப்பார்கள். கவுண்ட்டரில் இருந்த குமாஸ்தாவும் சிரித்தார். மூக்குக் கண்ணாடி போட்ட மராத்திக்காரர், பொறுமைசாலி. நான் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். மெட்ராஸில் வரி கட்டியிருக்கிறோமே, இங்கே எதற்குத் திரும்பவும் என்று கேட்டேன். அது மெட்ராஸ் ரோடுக்கு, இது பம்பாய் ரோடுக்கு என்றார். அங்கே கட்டினது தீர்கிறவரை ஓட்டலாம், தீர்ந்ததும் இங்கே கட்ட வேண்டும். அப்படியானால் நடுவில் வந்த தூரத்துக்கு யாருக்குக் கட்டுவது?

“ரயில்லதானே வந்தது? ரயில்வேக்காரன் வாங்கியிருப்பானே” என்றார்.

பன்னிரண்டு மாதம் முடிகிற சமயத்தில் வண்டியை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தால் முதலிலிருந்து கணக்கு ஆரம்பிக்குமா என்றும் கேட்டுவைத்தேன். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோலுக்கு ஆகிற செலவில் பல வருஷத்து வரியைக் கட்டிவிடலாம் பெஹன்ஜி என்றார். என் கணவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. எனக்கோ அங்கிருந்து கிளம்பவே மனமில்லை. ஒரு மனிதன் மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு வந்தால் அவனை யாரும் நம்பர் மாற்றிக்கொள் என்று சொல்வதில்லை. ஒரு ஸ்கூட்டருக்கு இத்தனை சம்பிரதாயம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

பிறகு வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்று வெளியே முற்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இன்ஸ்பெக்டர். வண்டியின் உடம்பிலே தட்டியிருக்கும் சேஸிஸ் நம்பர்தான் வண்டியின் அடையாளம், எஞ்சினைக்கூட மாற்றிவிடலாம், இதை மாற்ற முடியாது என்று விளக்கினார். அந்த நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற நம்பரோடு அது ஒத்துப்போனால்தான் வண்டி நம்முடையது. சொல்லிக்கொண்டே எஞ்சின் பக்கத்து மூடியைத் திறந்தார். கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அரே, கண்பதி!”

பிள்ளையார் எண்ணெய்ப் பிசுக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டார். பக்கத்தில் லாரி பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். நம்பர் இதற்கு அடியில்தான் இருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. நம்பரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்பதிலும் சந்தேகமில்லை. பிள்ளையாரைத் தொடமாட்டோம் என்பதிலும்தான்.

“உங்கப்பா பண்ணின காரியத்தைப் பாரு” என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்கு எங்கள் மேல் கோபமில்லை. எங்கள் வீடுகளில் சதுர்த்திக்குச் சதுர்த்தி கண்பதி வருகிறார், போகிறார், எழுந்திரு என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை என்று ஹிந்தியில் சொன்னார். ஆனால் அதை வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும், விருந்தாளி கேட்கக் கூடாது. வண்டியின் சொந்தக்காரர் எடுத்துவிட்டுக் கொண்டுவரட்டும், உடனே பார்த்துத் தருகிறேன் என்றார். நான் அதை வார்த்தைக்கு வார்த்தை என் கணவருக்குத் தமிழில் சொன்னேன். இதில் ஒன்றையும் நான் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனோம். மெயின் ரோடில் எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக்கின் கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். கடைச் சுவரில் மாதா படமும் அதற்கு ஒரு சின்ன நீல பல்பும் இருக்கும். காலைப் பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடேயே கடையைத் திறந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“நா வேதக்காரன் பாத்துக்கிடுங்க. ஒங்க சாமிமேல நா எப்படி உளிய வெக்க? நாளைக்கே வண்டி எங்கயாது சரிஞ்சு விழுந்துட்டுன்னா, அந்த வேதக்காரன் கைவெச்சான், அதான் இப்படின்னு சொல்லிருவாவ. நீங்க சொல்ல மாட்டிய. மத்தவுக சொல்லுவாவ.”

“அதெல்லாம் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றார் என் கணவர்.

“ஒங்களுக்குத் தெரியாது சார். எங்க வீட்டுல கேட்டா மொதல்ல அவளே வைவா. ஊரான் சாமிய ஒடச்சிட்டு வந்து சோத்துல கை வைக்காதீயன்னுருவா. உளி தாரேன், சுத்தியல் தாரேன். நீங்களே எடுத்துருங்க.”

உளியையும் சுத்தியலையும் என் கணவரிடம் நீட்டினார். என் கணவர் கணக்கில் புலி. பகுத்தறிவு பேசுகிறவர் வேறு. சகுனம் பார்க்கிற என் அம்மாவைக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பார். அன்று அவர் உளியை ரிவிட்டின் தலையில் வைத்தார், எடுத்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார், மறுபடி வைத்தார். பிள்ளையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உளியை என் பக்கம் நீட்டிவிட்டார்.

“வண்டி உன் பேர்லதானே இருக்கு? ஓனர்தான் எடுக்கணும்னு அந்த இன்ஸ்பெக்டரே சொல்லிட்டார். நீயே எடுத்துடு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. இத்தனை ஆண்பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிற காரியத்தை என் தலையில் கட்டுகிறார்களே என்று எரிச்சலும் வந்தது. வீட்டிலிருந்து கைப்பையில் கொண்டுவந்த கற்பூரத்தை எடுத்து வண்டியின் அருகில் வைத்தேன். மெக்கானிக் பாய்ந்து வந்து என் கையைத் தடுத்தார். “என்ன தாயி செய்தீய! பெட்ரோல் இருக்கு, கடையே போயிரும்!” கற்பூரத்தை ரோடு ஓரத்தில் ஏற்றினோம். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, பிள்ளையாரப்பா, உன்னைத் துரத்தவில்லை, பூஜை அலமாரிக்கு எழுந்தருள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எனக்கு உளி பிடித்துப் பழக்கமில்லை. முதல் அடி என் விரலில் விழுந்தது. மெக்கானிக் தூரத்தில் நின்றபடியே, உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று கையால் காட்டினார். என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிவிட்டுகளின் தலை ஒவ்வொன்றாகத் தெறித்தது. பிள்ளையார் என் மடியில் வந்து விழுந்தார். அடியில் வெயில் படாத பெயிண்ட், வாங்கின அன்று இருந்த பச்சை. அதன் நடுவில் அப்பாவின் கண்ணை உறுத்திய அந்த எழுத்தும் எண்ணும்.

காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் காலணாவைக் காகிதத்தடியில் வைத்துத் தேய்த்து ராஜா தலையை வரவழைப்போமே, அதே வேலை. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒவ்வொரு எண்ணும் எழுந்து வந்தது. ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்துப்பார்த்தேன். உலகத்தில் வேறெந்த வண்டிக்கும் இந்த எண் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்தது என் பேர். விரல் விண்விண்ணென்று வலித்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரமே மறுபடி ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஸ்பெக்டர் காலியான இடத்தை ஒருமுறை கும்பிட்டுவிட்டு நம்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கவுண்ட்டருக்கு வந்தோம். என் கணவர் இரண்டு விண்ணப்பங்களையும் பூர்த்தி செய்து வைத்திருந்தார், பம்பாய் நம்பருக்கு ஒன்று, பேர் மாற்ற ஒன்று. இரண்டாவதில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

குமாஸ்தா பேனாவை என்னிடம் நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை. சட்டப்படி கேட்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டார், உங்கள் சம்மதத்தோடுதானே கொடுக்கிறீர்கள்?

நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். ‘பார்க்கலாம்’ என்று இனிமேல் சொல்ல முடியாது. “நஹீ” என்றேன்.

“என்ன விளையாட்டு இது?” என்றார் என் கணவர், பாதிக் குரலில். “வீட்லேயே சொல்லிருக்கலாமே.”

“வீட்ல எனக்குத் தைரியம் இல்லை” என்றேன். “பிள்ளையார் மேல உளி வெக்கறச்சே என் வண்டி. இப்போ மட்டும் உங்க வண்டியா?”

அவர் முகம் சிவந்தது. குமாஸ்தாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேர் மாற்றும் விண்ணப்பத்தை எடுத்து, அழகாக இரண்டாக மடித்து, என் கணவரிடமே திருப்பிக் கொடுத்தார். நம்பருக்கான பணத்தைக் கட்டினோம். மெட்ராஸில் கட்டின வரி அந்த மாதக் கடைசியோடு தீர்கிறது, அதற்குள் வந்து இங்கே கட்டிவிடுங்கள் என்றார். புது நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் கேள்வி எதுவும் கேட்காமல் வெளியே வந்தது அந்த ஆபீசில் அன்று ஒருநாள்தான்.

செம்பூர் வரைக்கும் அவர் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் அழவும் செய்தேன். பிடிவாதம் பிடித்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்திருந்தால் இதைவிட அழுதிருப்பேன் என்பதில் சந்தேகமில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “சரி, உன் வண்டிதான். அப்போ வரியையும் ஓனரே கட்டிடட்டும்.”

கோபத்தில் சொன்னது. நாலு நாள் கழித்து அவரே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. நியாயமான பேச்சாகவே எனக்குப் பட்டது. ஆனால் வருமானம் என்று எனக்குக் காலணா கிடையாது. அவர் கொடுக்கிற வீட்டுச் செலவிலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டினால் அது அவர் கட்டினதுதான். எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குழந்தைகள் இருந்தார்கள், ஹிந்தியில் சண்டை போடுவார்கள், தமிழில் பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் காட்டினால் ஜிலேபி என்பார்கள். தாத்தா பாட்டிக்குக் கடிதம் எழுதத் தெரியவில்லையே என்று அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் மாடிப்படியில் நின்று என்னிடம் குறைப்படுவது வழக்கம். அடுத்த முறை குறைப்பட்டபோது, சாயங்காலம் அனுப்புங்கோ, நான் சொல்லித் தருகிறேன், மாசாமாசம் முன்பணம் கொடுத்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டேன். இலவசமாகச் சொல்லித் தருவேன் என்று எதிர்பார்த்த ஒருத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்கள் அனுப்பினார்கள்.

மாதக் கடைசிக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் நானாக பஸ் பிடித்துப் போய், அந்தக் காலாண்டுக்கான வரியைக் கட்டினேன். குமாஸ்தா என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, சாஹிப் எங்கே என்று கேட்டார். ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றேன். என் வண்டியில் போயிருக்கிறார் என்று சேர்த்துச் சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். இந்த வரியை வைத்து எந்த ரோடைப் போடுவீர்கள், எங்கள் செம்பூர் ரோடை எப்போது போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். வரி வாங்குகிறது நான், ரோடு போடுகிறவன் வேறே ஆபீஸ் என்றார். வட்டமான வரி வில்லையையும் ரசீதையும் கொடுத்தார். என் கணவர் வந்ததும் காட்டலாம் என்று வீட்டில் மேஜைமேல் வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தார். எடுத்துப் படித்தார். பணம் ஏது என்று கேட்கவில்லை. தரையில் கிடந்த சிலேட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தார். கீழே போய் வில்லையை வண்டியில் அதற்கான சட்டத்தில் செருகிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்றார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்தேன். சாவி அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, கேலி இல்லாத குரலில் கேட்டார்.

“வண்டியை எடுத்துண்டு போகட்டுமா?”

அதுவரைக்கும் என் வாழ்க்கையில் யாரும் எதையும் என்னிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துண்டு போங்கோ என்று உடனே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் தாமதித்தேன். இன்னொரு தரம் கேட்கட்டுமே என்றிருந்தது.